24 மணி நேரம் மோட்டார் ஓடினால் மீன் விடலாமா?

ஜூன் 4 – இழையைத் தொடங்கியவர்

"மடிப்பாக்கம். புதுசாக 2 அடித் தொட்டி வாங்கி, கல் பரப்பி, போர் தண்ணீர் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மாட்டியாச்சு. 24 மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு மீனை விட்டுவிடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். யூடியூபில் ஒரு மாதம் காத்திரு என்கிறார்கள். ஒரு நாள் எங்கே, ஒரு மாதம் எங்கே? பையன் காலித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுந்து வரமாட்டேன் என்கிறான்."

ஜூன் 4, இரவு 9.40

இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். ஆளுக்கொரு வேலைக்குக் கணக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் என்பது குளோரினுக்கு. குளோரின் கலந்து வரும் குடிநீரில், குழாய் வாசலில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. மிச்சம் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 10500 தர விதி சொல்கிறது. நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கு எரிச்சல். ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் 'ஆன்டி குளோரின்' சொட்டு கிடைக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். உங்களுடையது போர் தண்ணீர் என்பதால் அந்த ஒரு நாள்கூடத் தேவைப்படாது.

ஒரு மாதம் என்பது அந்த ஸ்பாஞ்சுக்கு. மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டிருக்கும். கழிவும் மிஞ்சிய தீவனமும் அழுகினால் அது தனி. இதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு கூட்டம் பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான். அதைத் தின்று நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் வேண்டும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி இறக்கிக்கொள்ளலாம். இந்த இரண்டு கூட்டமும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வளர்பவை, வளர்ச்சியும் மெதுவு. தண்ணீரில் மிதப்பது சொற்பம்.

காலித் தொட்டியில் மோட்டார் ஓடினால் அவற்றுக்குத் தின்ன என்ன இருக்கிறது? ஒரு நாள் ஓடினாலும் ஒரு மாதம் ஓடினாலும் ஸ்பாஞ்ச் புதுசாகவேதான் இருக்கும். யூடியூப்காரர்கள் பாதிப் பேர் இதைச் சொல்லாமல் 'காத்திரு' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஜூன் 5, காலை

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது என்பது தனி வீட்டுக்குப் பொருந்தும். அபார்ட்மென்ட் என்றால் சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீரைக் கலந்து ஊற்றும் வீடுகளுக்கும் இதேதான்.

ஜூன் 5, மதியம்

"கடையில் நீல மருந்தும் கல் உப்பும் கொடுத்து, முதல் நாளே போடச் சொன்னார்கள். போடலாமா?"

நீல மருந்து வேண்டாம். அது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கும், முட்டை காக்கவும் நல்ல மருந்துதான், ஆனால் தனி வாளியில். தொட்டியில் ஊற்றினால் நாம் வளர்க்கப் பார்க்கும் பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும். சிலிகான் ஒட்டும் நிரந்தரமாக நீலமாகிவிடும். கல் உப்பைப் பத்திரமாக வையுங்கள், பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர்களைத் திட்டி நாலைந்து பதில் வந்திருக்கிறது. மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். தொட்டி, கல், மீன் எல்லாம் ஒரே பையில் வேண்டும் என்றுதான் குடும்பத்தோடு வருகிறவர்கள் கேட்கிறார்கள். 'மீனுக்கு அடுத்த மாதம் வாங்க' என்று சொல்கிற கடையை விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அவரும் பிழைக்க வேண்டும் அல்லவா.

ஜூன் 6, இரவு

மீன் இல்லாமல் பாக்டீரியாவுக்கு எப்படித் தீனி போடுவது என்று கேட்டவர்களுக்கு.

சுலபமான வழி: தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுக விடுவது. அளவு கைக்கு வராது, ஆனால் வேலை நடக்கும். ஒரு சின்ன இறாலைப் போடுகிறவர்களும் உண்டு. மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் உங்களைத்தான் வெளியே போகச் சொல்வார்கள்.

நான் செய்வது நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்துவார்களே, அதே பொருள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அது அம்மோனியம் குளோரைடு.

அளவு இப்படி. உங்கள் தொட்டி 60 × 30 × 30 செ.மீ. என்றால் விளிம்புவரை 54 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடமும் போக சுமார் 45 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 2 மி.கி. அம்மோனியா, அதாவது 2 பி.பி.எம்., வேண்டுமானால் மொத்தம் 0.3 கிராம் நவச்சாரம்கூடத் தேவையில்லை. அதைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. அதனால் 6 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எத்தனை லிட்டரோ அத்தனை மில்லி இந்தக் கரைசல். 45 லிட்டருக்கு 45 மில்லி. தண்ணீர் சோதனைக் கிட்டில் அம்மோனியா அரை பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கினால் மறுபடி ஒரு டோஸ், இறங்காவிட்டால் சும்மா இருங்கள். அதிகம் போட்டால் வேகமாக முடியும் என்பதில்லை, 5 பி.பி.எம்.முக்கு மேலே போனால் பாக்டீரியாவே திணறும்.

பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கட்டி பார்க்கக் கற்கண்டு மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டில் மாமியார் ஒரு துண்டை வாயில் போடப்போன கதை இருக்கிறது, அதை இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு.

ஜூன் 7

நவச்சாரம் பற்றி இன்னொன்று. நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் மண்ணும் தூசியும் இருக்கலாம். வெள்ளையாக இருக்கும் கட்டியாகப் பார்த்து வாங்கி, கரைத்து, தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் எடுங்கள். செடி, நத்தை ஏற்கெனவே இருக்கும் தொட்டி என்றால் ஆய்வகத் தரத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 9

"தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. முழுவதையும் கொட்டிவிட்டு மாற்றட்டுமா?"

கொட்டாதீர்கள். கை வைக்காமல் விட்டால் தானாகத் தெளியும். அது வேறு வகை பாக்டீரியா, தீவனத் தூளைத் தின்று சட்டென்று பெருகுவது. தீவனம் போடுவதை நிறுத்திவிட்டு நவச்சாரத்துக்கு மாறுங்கள், இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம்.

ஜூன் 12

"பக்கத்து வீட்டில் வாங்கிய அன்றைக்கே மீனை விட்டார்கள், இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர்.

இருக்கலாம். பெரிய தொட்டியில் நாலு கப்பி, கொஞ்சம் செடி, கஞ்சத்தனமான தீவனம் என்றால் அம்மோனியா ஏறுவதற்குள் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும். செடியும் அம்மோனியாவை நேரடியாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு காரணம் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரக் கணக்கு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று அவ்வளவு தீங்கில்லாத அம்மோனியம், மற்றது செவுளைச் சுடும் அம்மோனியா. 28 டிகிரியில், பி.எச். 7 என்றால் 100-ல் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8 என்றால் 6 முதல் 7 பங்கு. கிட் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் காட்டும். நம் ஊர் போர் தண்ணீர் பல இடத்தில் 8-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுத் தொட்டியின் பி.எச். எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், பேசலாம்.

செத்த மீனைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜூன் 13

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர்தானே நல்லது, பி.எச். குறைவு, சுத்தமும்கூட' என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். நேற்று பாதியில் விட்டது என் எழுத்து, அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணீரின் காரத்தன்மையையும் (பி.எச். சரியாமல் தாங்குவது அதுதான்) சேர்த்துத் தின்னும். அம்மோனியாவில் இருக்கும் நைட்ரஜன் ஒரு மில்லிகிராமுக்குச் சுண்ணக் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. சில நாளில் பி.எச். சரிந்து 6-க்குக் கீழே போகும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். கிட்டில் எண் அசையாமல் அப்படியே நிற்கும். 'ஆறு வாரமாக ஓட்டுகிறேன், சைக்கிள் (பாக்டீரியா நிலைபெறுவது) ஆகவில்லை' என்று வருகிறவர்களில் பலர் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர் ஆட்கள்தான். மொட்டைமாடி மழைத்தண்ணீரும் இந்த வகைதான்.

ஆக, நம் போர் தண்ணீரின் உப்பு மீனில்லாத இந்தக் கட்டத்தில் உதவிதான். டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும் தெருவென்றால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்துகொள்ளுங்கள்.

கேன் போடும் தம்பி எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்த்து, 'சார், மீனுக்குமா பிஸ்லரி?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 18

கல் பற்றி. வினிகரை நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், எலுமிச்சைச் சாறும் ஆகும். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும். பீச்சில் பொறுக்கிய கிளிஞ்சலும் அப்படித்தான். ஆர்.ஓ. ஆட்களுக்கு மட்டும் ஒரு கைப்பிடி கிளிஞ்சலை ஃபில்டருக்குப் பக்கத்தில் வைப்பது நல்லதாகவே முடியும். எம்-சாண்ட் வேண்டாம். எத்தனை வாளி தண்ணீரில் அலசினாலும் மாவு வந்துகொண்டே இருக்கும், அடியில் மேயும் மீனுக்குக் கூர்முனை வேறு.

இன்னொரு விஷயம், இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்: தொட்டி எதன் மேல் இருக்கிறது? தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து 60 கிலோவைத் தாண்டும். டிவி ஸ்டாண்ட் தாங்காது. அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டு, கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு மூலை தூக்கியிருந்தால் அழுத்தமெல்லாம் ஒரு ஒட்டின் மேலே விழும். ஒயர் பிளக்கிலிருந்து நேராக இறங்கி, ஒருமுறை கீழே தொங்கி, பிறகு மேலேறித் தொட்டிக்குள் போக வேண்டும், அப்போது வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. கையை உள்ளே விடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

ஜூன் 24

தொடங்கியவர் படம் போட்டிருக்கிறார். அம்மோனியா இறங்குகிறது, நைட்ரைட் சிவந்துவிட்டது. பையன்தான் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, வண்ண அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுகிறானாம். நல்ல முறை. டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சளும் ஏமாற்றும்.

"நைட்ரைட் 5-ஐத் தாண்டிவிட்டது, ஏதோ தப்பாகிவிட்டதா?" ஒன்றுமில்லை. எடைக் கணக்கில் 2 பி.பி.எம். அம்மோனியா முழுவதும் மாறினால் 5.4 பி.பி.எம். நைட்ரைட் ஆகும். அதற்குமேல் மறு டோஸ் போட்டிருக்கிறீர்கள். அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அப்புறம்தான் எண் புரியும். இந்தக் கட்டம்தான் இழுக்கும். இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தைவிடச் சோம்பேறி.

அந்த இரண்டாவது கூட்டத்தின் பெயர் நைட்ரோபேக்டர் என்றுதான் பாட்டில்களிலும் பாடப்புத்தகங்களிலும் அச்சடித்திருப்பார்கள். மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998-லேயே ஆய்வு வந்துவிட்டது. 2015-ல் இன்னொரு வேடிக்கை. இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் சில மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரிலிருந்தே கிடைத்தவை. ஆக, நான் மேலே 'இரண்டு கூட்டம்' என்று எழுதியது எளிமைப்படுத்திய கணக்கு. வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

ஜூலை 3

"பாட்டில் பாக்டீரியா வாங்கி ஊற்றினால் உடனே முடியுமா?"

சிலது வேலை செய்கிறது, சிலது வெறும் நாற்றத் தண்ணீர். வெயிலில் அடுக்கி வைத்த பாட்டிலை வாங்காதீர்கள். அதற்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தி, பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் போய் அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல், அவர் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்து எடுத்துவந்து, உங்கள் ஃபில்டரோடு சேர்த்துக் கட்டுங்கள். மாதக் கணக்கு வாரக் கணக்காகும். மருந்துக்கடை மருந்தைவிடப் பக்கத்து வீட்டு உறைமோர் நம்பகமானது.

அதே ஸ்பாஞ்சில் அவர் தொட்டி நோயும் ஏறி வரும். அங்கே மீன் உடம்பில் வெண்புள்ளி இருந்தால் வாங்காமல் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

'நண்பரின் பழைய தண்ணீர் இரண்டு குடம் வாங்கி ஊற்றினேன்' என்று எழுதியவருக்கு: குடம் தூக்கியதுதான் மிச்சம். ஜூன் 4 குறிப்பைப் பாருங்கள்.

ஜூலை 10

நாளை எங்கள் பகுதியில் காலை 9 முதல் 2 மணி வரை இ.பி. ஷட்டவுன். மீன் இல்லாத தொட்டிக்கும் இது கவலையா என்று கேட்டால், கொஞ்சம் கவலைதான். இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். திறந்த தொட்டியில் நிற்கும் ஸ்பாஞ்ச் சில மணி நேரம் தாங்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில்தான் உள்ளே இருக்கும் தண்ணீரின் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும், அழுகல் வாசனை வந்தால் அப்படியே மறுபடி ஓடவிடாமல் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். சின்ன ஏர் பம்ப் சில வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

சென்னையில் ஹீட்டர் தேவையா என்று கேட்டவருக்கு: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஊட்டிக்காரர்களும் டிசம்பரில் பெங்களூர்க்காரர்களும் வாங்கட்டும். சூடு இங்கே நம் பக்கம், 28, 30 டிகிரியில் பாக்டீரியா குளிரூரைவிட வேகமாக வளரும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக் குமிழி மட்டும் நிற்கக் கூடாது.

ஜூலை 15

மடிப்பாக்கத்தில் எண்கள் வந்துவிட்டன. இரவு 2 பி.பி.எம். போட்டு, மறுநாள் இரவு பார்த்தால் அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். இதுதான் சோதனை. அம்மோனியா மட்டும் பூஜ்யமாகி நைட்ரைட் நின்றால் இன்னும் ஆகவில்லை.

இப்போது நைட்ரேட் ஏறியிருக்கும், அதனால் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஓரிரு நாளில் மீன் வர வேண்டும், அதற்கு மேல் தள்ளிப்போனால் நவச்சாரத்தைத் தொடருங்கள். பட்டினி போட்டால் வளர்த்தது குறையும்.

மீன்: உங்கள் தண்ணீருக்குக் கப்பி, மோலி, பிளாட்டி. கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பிடித்ததுதான். நியான் டெட்ரா அழகுதான், ஆனால் அது மென்னீர் மீன். கோல்டு ஃபிஷ் 2 அடித் தொட்டியில் வேண்டாம், வளர்ந்துவிடும், குப்பையும் அதிகம். பையன் அழுதாலும் வேண்டாம்.

பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, மீனை வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் சாக்கடைக்கு. வெளியூரிலிருந்து பார்சலில் பல மணி நேரம் வந்த மீனுக்கு இந்த நிதானம் ஆகாது. மூடிய பையில் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியாவும் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறும், அடங்கியிருந்தது விஷமாகும். அவற்றைச் சூடு சமமானதும் சட்டென்று மாற்றிவிட வேண்டும்.

ஜூலை 16

கல் உப்பு பற்றிச் சொல்கிறேன் என்று ஜூன் 5-ல் சொன்னது நினைவுக்கு வந்தது. மீன் விட்டபின் எப்போதாவது நைட்ரைட் ஏறினால் அதற்குத்தான். உப்பில் இருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். கூடவே தண்ணீரையும் மாற்றுங்கள், உப்பு நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். தினசரி டானிக்காகப் போட வேண்டாம், செடி கருகும்.

ஜூலை 22

மடிப்பாக்கம் தொட்டிக்குள் கப்பி ஆறு போயிருக்கிறது. ஆறும் ஆண். நல்ல முடிவு, இல்லாவிட்டால் தீபாவளிக்குள் தெருவெல்லாம் இலவச விநியோகம் செய்ய வேண்டியிருக்கும்.

தீவனத்தைப் பையன் கையில் கொடுக்காதீர்கள், டப்பாவை மேல் ஷெல்ஃபில் வையுங்கள். பிடிக்குப் பிடி போட்டால் எந்த ஃபில்டரும் தாங்காது.

ஆகஸ்ட் 2

"வேலைக்கார அம்மா ஸ்பாஞ்சைக் குழாயடியில் பாத்திர சோப்புப் போட்டுப் பளிச்சென்று கழுவி வைத்துவிட்டார்." இது வேறொருவர், அண்ணா நகர்.

சோப்புப் பட்ட ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள். மீன் உள்ளே இருப்பதால் தீவனத்தை நிறுத்தி, தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, தினம் அம்மோனியா பாருங்கள். கல்லில் ஒட்டியிருப்பது கொஞ்சம் தாங்கும். இனி ஸ்பாஞ்சைக் கழுவ, தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தண்ணீரை வாளியில் வைத்து இரண்டு பிழி பிழிந்தால் போதும். பழுப்பாகவே இருக்கட்டும். மாதம் ஒருமுறை புது கார்ட்ரிட்ஜ் மாற்றச் சொல்லும் டப்பாவின் குறிப்பையும் கண்டுகொள்ளாதீர்கள்.

ஆகஸ்ட் 3

தொட்டியில் மணி பிளான்ட் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஆம், வைக்கலாம். வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே. நைட்ரேட்டை நன்றாகவே இழுக்கும்.